கண்டியின் கடைசி மன்னர்

வேலூர் நகரையொட்டிப் பாலாற்றங்கரையில் முத்து மண்டபம் என்றொரு நினைவிடம் உள்ளது. தமிழக அரசு 1990ஆம் ஆண்டு எழுப்பியது அது. வேலூர்க் கோட்டையையும் ஜலகண்டேசுவரர் ஆலயத்தையும் காணச் செல்வோருள் பலர் அம்மண்டபத்தின் பெயரைக் கேட்டும் இரார். அங்கே அடக்கமாகியிருப்பவர் இலங்கையின் கடைசி மன்னரான ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கர். அவருக்கு இளமையில் வழங்கிய பெயர் கண்ணுசாமி. மதுரை நாயக்கர் உறவுக் குடியில் வந்தவர். கண்டியில் பதினேழு ஆண்டுகள் அரசாண்டார். வேலூர்க் கோட்டையில் பதினாறு ஆண்டுகள் சிறையிருந்தார். 1832ஆம் ஆண்டு ஜனவரி 30ஆம் நாள் அங்கேயே மறைந்தார்.

ஓர் இலக்கிய வட்டத்தின் பத்தாண்டு நிறைவு மலரில் கவிதையைப் பற்றியோ கவிஞரைப் பற்றியோ எழுதுவதே முறை. அரசர் ஒருவரின் வாழ்க்கையை இங்கு எழுத முற்பட்டதற்குக் காரணங்கள் இரண்டு. வலிமை மிக்க இரு பேரரசுகளுக்கு நடுவே ஒரு சிறு நாடு எவ்வாறு உயிர்வாழ்கிறது, எப்போது உயிர்விடுகிறது என்பதற்கு இவர் வாழ்வைப்போல் தெளிவான சான்று நம் அண்டையில் வேறில்லை, இது முதற்காரணம். இம்மன்னரை வீரராகவும் பின்னர்க் கொடியவராகவும் ஆக்கியதில் பாட்டு எழுதியவர்களுக்கும் பெரும் பங்கு உண்டு, இது இரண்டாவது. அதனைக் கட்டுரையின் இறுதியில் சொல்கிறேன்.

மலையும் கடலும்

கண்டி அரசு இலங்கைத் தீவின் நடுவே மலைகளுக்குள் அமைந்தது. வள்ளுவர் அரணுக்கென ஓர் அதிகாரம் வகுத்து நீர், நிலம், மலை, காடு ஆகிய நான்கையும் அதில் எண்ணினார். கண்டிக்கு இந்நான்கும் இயற்கையாகவே வாய்த்திருந்தன. மகாவலி ஆறு தலைநகரை வளைத்து ஓடியது. கணவாய்களில் முள்வேலிக் கதவுகள் இருந்தன. பாதைகளை அகலப்படுத்தாமல் ஒற்றையடித் தடங்களாகவே வைத்திருப்பது அரசின் கொள்கையாக இருந்தது. மழைக்காலத்தில் காட்டுக் காய்ச்சல் பகைவர் படையை வீழ்த்தும். பறங்கியர் பலமுறை மலையேறி வந்தனர். வந்த படைகளுள் திரும்பாதவை உண்டு.

ஆயின் மலை அரசுக்கு ஒரு குறை இருந்தது. அதற்குக் கடல் தேவைப்பட்டது. உப்பும் கருவாடும் துணியும் கடற்கரையிலிருந்தே வர வேண்டும். பாக்கும் ஏலமும் மிளகும் கடற்கரை வழியாகவே வெளியேற வேண்டும். கரையைப் பிடித்திருப்பவன் கண்டியின் சமையலறையைப் பிடித்திருக்கிறான் என்பதே நிலைமை. ஆகவே கரையில் எந்த வல்லரசு நின்றாலும் அதனை விரட்ட மற்றொரு வல்லரசைத் தேடுவது கண்டி மன்னரின் பரம்பரைத் தொழிலாயிற்று.

இரண்டாம் ராஜசிங்கர் இக்கலையில் தேர்ந்தவர். போர்த்துக்கீசியரை வெளியேற்ற 1638ஆம் ஆண்டு ஒல்லாந்தரோடு உடன்படிக்கை செய்துகொண்டார். இருபது ஆண்டுகள் போர் நடந்தது. 1656இல் கொழும்பும், 1658இல் யாழ்ப்பாணமும் வீழ்ந்தன. போர்த்துக்கீசியர் தீவை விட்டு அகன்றனர். ஆயினும் கொழும்புக் கோட்டையின் கதவுகள் மன்னருக்குத் திறக்கப்படவில்லை. வென்று கொடுத்தவரே உரிமையாளராக அமர்ந்துவிட்டனர். இஞ்சியைக் கொடுத்து மிளகாயை வாங்கிய கதை எனச் சிங்கள மக்கள் இதனைப் பழமொழியாக்கினர். அம்மன்னர் அத்தோடு ஓயவில்லை. 1672இல் பிரெஞ்சுக் கப்பற்படை திருகோணமலைக்கு வந்தபோது அதனையும் வரவேற்றார். ஒல்லாந்தர் பிரெஞ்சுக்காரரைத் துரத்திவிட்டனர், முயற்சி பலிக்கவில்லை. ஆனால் முறைமை நிலைத்தது. கரையில் ஒருவர் இருக்க, கடலில் இன்னொருவர் காத்திருக்க வேண்டும். அவ்விருவருக்கும் இடையிலுள்ள பகையே தன் மதில் என்பதைக் கண்டி அறிந்துகொண்டது.

சென்னைக் கோட்டையிலிருந்து சென்றவர்கள்

கண்டி மன்னர்கள் தம் தகுதிக்கேற்ற அரசகுலப் பெண்களை மதுரையிலிருந்து மணம் செய்துகொள்வது வழக்கமாயிருந்தது. 1739ஆம் ஆண்டு நரேந்திரசிங்கர் வாரிசின்றி மறைந்ததும், அவருடைய அரசியின் உடன்பிறந்தார் ஸ்ரீ விஜய ராஜசிங்கர் என்ற பெயரில் முடிசூடினார். தெலுங்கும் தமிழும் வழங்கிய நாயக்கர் குடி இவ்வாறு பௌத்த நாடொன்றின் அரியணைக்கு வந்தது. அவருக்குப் பின் வந்த கீர்த்தி ஸ்ரீ ராஜசிங்கர் 1747 முதல் 1782 வரை ஆண்டார். சயாம் நாட்டிலிருந்து பிக்குகளை வரவழைத்து, அற்றுப்போயிருந்த உபசம்பதை மரபை 1753இல் மீட்டுத் தந்தவர் அவரே. சைவ மரபில் பிறந்த மன்னர் பௌத்த சமயத்தின் பெரும் புரவலரானார். அவ்வாறிருந்தும் 1760இல் பிரதானிகள் சிலரும் பிக்குகள் சிலரும் கூடி அவரைக் கொல்லத் திட்டமிட்டனர். அரசர் வெளியார் என்னும் எண்ணம் அரண்மனையின் தரைக்கடியில் அணையாமல் கனன்றுகொண்டே இருந்தது.

இம்மன்னர் ஒல்லாந்தரோடு போர் தொடுத்தபோது சென்னையிலிருந்த ஆங்கிலேயரை நாடினார். 1762இல் ஜான் பைபஸ் என்பவர் சென்னைக் கோட்டையின் தூதராகக் கண்டிக்குச் சென்றார். அவையில் மண்டியிட்டு நின்று, மன்னர் சொன்னதையெல்லாம் கேட்டுக்கொண்டு, எவ்வித உறுதியும் தராமல் திரும்பினார். துணை வருமென நம்பியிருந்த கண்டி தனித்து நின்றது. 1765இல் ஒல்லாந்தர் கண்டி நகருக்குள்ளேயே புகுந்தனர். நிலைத்திருக்க இயலாமல் அவர்கள் இறங்கிப் போனாலும், 1766ஆம் ஆண்டு உடன்படிக்கையால் தீவின் கரை முழுவதும் அவர்களுடையதாயிற்று. அதன்பின் கண்டிக்குத் தன் பெயரில் ஒரு துறைமுகமும் இல்லை.

இருபது ஆண்டுகள் கழித்து ஆங்கிலேயர் மீண்டும் வந்தனர். இம்முறை தேவை அவர்களுடையது. 1782இல் திருகோணமலையைக் கைப்பற்றிய சூட்டோடு, சென்னை ஆளுநர் மக்கார்ட்னி, ஹியூ பாய்ட் என்பவரைத் தூதராக அனுப்பினார். புதிதாக முடிசூடியிருந்த ராஜாதி ராஜசிங்கர் பைபஸின் வெறுங்கையை மறக்கவில்லை. வணிகக் கம்பெனியோடு அன்று, இங்கிலாந்து மன்னரோடு நேரடியாகவே உடன்பாடு வேண்டும் என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

மூன்றாம் வாய்ப்பு 1795இல் வந்தது. ஐரோப்பாவில் பிரெஞ்சுப் படை ஒல்லாந்தைப் பிடிக்க, ஆங்கிலேயர் இலங்கையிலுள்ள ஒல்லாந்தர் கோட்டைகளைக் கைப்பற்றத் தொடங்கினர். கண்டியின் தூதர்கள் சென்னைக்கு வந்தனர். 1796ஆம் ஆண்டு பிப்ரவரியில் சென்னையில் ஒரு முன்னுடன்படிக்கை எழுதப்பட்டது. உப்பும் மீனும் பெறுவதற்குக் கண்டிக்குக் கரையில் இடம் தருவதும் அதில் அடங்கும். ராஜாதி ராஜசிங்கர் அதனை ஏற்று முத்திரையிடவில்லை. இன்னும் கூடுதலாகப் பெறலாம் என எண்ணியிருக்கிறார். ஆனால் அதே மாதத்தில் கொழும்பு ஆங்கிலேயர் கைக்கு வந்துவிட்டது. அதன்பின் கண்டிக்கு எதையும் விட்டுக்கொடுக்கும் தேவை அவர்களுக்கு இல்லாது போயிற்று. பேரம் பேசுவதற்கு எதிரே ஒருவர் மட்டுமே இருந்தால் அது பேரம் ஆகாது. இந்த வேறுபாடு சில நாள்களில் நிகழ்ந்துவிட்டது. அது கண்டி அரண்மனைக்குப் புரிய இன்னும் சில ஆண்டுகள் ஆயின.

நம் மேற்கு மாம்பலம் அந்நாளில் ஏரிக்கரைச் சிற்றூர். அதற்குச் சில கல் தொலைவில், கடற்கரைக் கோட்டையில், ஒரு மலைநாட்டின் தலைவிதி மூன்றுமுறை மேசைக்கு வந்தது என்பதை இவ்வூர்க்காரனாகிய நான் நெடுங்காலம் அறியாமலிருந்தேன்.

பதினெட்டு வயது மன்னர்

1798ஆம் ஆண்டு ஜூலையில் ராஜாதி ராஜசிங்கர் மகப்பேறின்றி மறைந்தார். அடுத்த அரசர் யார் என்பதைத் தீர்மானித்தவர் முதல் அதிகாரமாகிய பிலிமத்தலாவை. அரசியின் உடன்பிறந்தாரான முத்துசாமிக்கு உரிமை கூடுதலென்று கருதியோர் இருந்தனர். பிலிமத்தலாவை அவரைத் தவிர்த்து, பதினெட்டு வயதுக் கண்ணுசாமியை அரியணையில் அமர்த்தினார். ஆதரவற்ற இளைஞன் தன் சொற்படி நடப்பான் என்பது அவர் கணக்கு. முத்துசாமி ஆங்கிலேயரிடம் அடைக்கலம் புகுந்தார்.

புதிய மன்னரின் நிலையை இங்கே நின்று எண்ணிப் பார்க்க வேண்டும். நாடு தனித்த நாடு. கரை முழுவதும் ஒரே வல்லரசின் கையில். அந்நாட்டிற்குள் மன்னரும் தனித்த மனிதர். குடியால் வெளியார், சமயத்தால் புதியவர், கண்டி நகரில் ஒரு தெருவில் வாழ்ந்த நாயக்க உறவினரைத் தவிரச் சொந்தமெனச் சொல்ல யாருமில்லை. படையும் வரியும் பிரதானிகளின் கையில் இருந்தன. வெளியே அவருடைய நாடு எந்த இக்கட்டில் இருந்ததோ, உள்ளே அவரும் அதே இக்கட்டில் இருந்தார்.

காலமும் அவருக்கு மாறாக இருந்தது. 1799 மே மாதம் சீரங்கப்பட்டணம் வீழ்ந்து திப்பு மாண்டார். அக்டோபரில் கட்டபொம்மன் கயத்தாற்றில் தூக்கிலிடப்பட்டார். அதே மாதம் தஞ்சையின் ஆட்சியைச் சரபோசி மன்னர் கம்பெனியிடம் ஒப்படைத்தார். 1801இல் மருதிருவரும் வீழ்ந்தனர். ஆர்க்காட்டு நவாபின் ஆட்சியும் முடிந்தது. பிரெஞ்சுக்காரரைக் கொண்டு ஆங்கிலேயரையும், ஆங்கிலேயரைக் கொண்டு பிரெஞ்சுக்காரரையும் தடுத்து வாழ்ந்த தென்னாட்டு அரசுகளெல்லாம் மூன்றே ஆண்டுகளில் ஒன்றன்பின் ஒன்றாக அவிந்தன.

பிலிமத்தலாவை இதனை வேறு விதமாகப் படித்தார். கரையிலிருந்த ஆளுநர் பிரெடெரிக் நார்த்தை 1799 முதல் இரகசியமாகச் சந்திக்கலானார். தாம் அமர்த்திய மன்னரைத் தாமே நீக்க ஆங்கிலேயரின் துணையை வேண்டினார். இரண்டு நூற்றாண்டுகளாகக் கண்டி மன்னர்கள் ஒரு வல்லரசை மற்றொன்றின்மேல் ஏவி வாழ்ந்தனர். இப்போது அவ்வித்தையைப் பிரதானிகள் கற்றுக்கொண்டனர். வல்லரசைத் தம் மன்னர்மேலேயே ஏவினர். கண்டியின் வீழ்ச்சிக்கு வேர் இங்கேதான் இருக்கிறது.

நார்த் வேறொன்றை விரும்பினார். தஞ்சையிலும் மைசூரிலும் நடந்ததுபோல், மன்னர் பெயரளவில் இருக்க, ஆங்கிலப் படை தலைநகரில் தங்க வேண்டும் என்பது அவர் திட்டம். 1800ஆம் ஆண்டு தளபதி மக்டோவல் பெரும் பரிவாரத்தோடு கண்டிக்குத் தூது சென்றார். இருபது வயது மன்னர் அந்த உடன்படிக்கையை மறுத்துவிட்டார். தம்மைச் சூழ்ந்திருந்த யாரையும் நம்ப இயலாத இளைஞர், அயற்படைக்கு இடங்கொடுத்தால் அரசு எஞ்சாது என்பதைத் தாமே உணர்ந்திருந்தார். அவருடைய அறிவுக்கு இதனைவிட வேறு சான்று வேண்டியதில்லை.

வென்ற ஆண்டு

1802இல் ஆமியன் உடன்படிக்கை ஒல்லாந்தரின் கரைப்பகுதிகளை ஆங்கிலேயருக்கே உரிமையாக்கியது. அதே ஆண்டு, ஆங்கிலக் குடிகளான முஸ்லிம் வணிகர் சிலரின் பாக்கு மூட்டைகள் கண்டி எல்லையில் பறிக்கப்பட்டன. நார்த் இழப்பீடு கேட்டார், இழுபறி நீண்டது, 1803 ஜனவரியில் போர் மூண்டது.

கொழும்பிலிருந்தும் திருகோணமலையிலிருந்தும் இரு படைகள் பிப்ரவரியில் கண்டிக்குள் நுழைந்தன. நகரில் ஆளில்லை. அரண்மனையின் ஒரு பகுதி எரிந்துகொண்டிருந்தது. மன்னர் மலைகளுக்குள் அங்குரான்கெத்தைக்குச் சென்றிருந்தார். இது தோல்வியன்று, கண்டியின் பழைய போர்முறை. ஆங்கிலேயர் தம்மோடு கொண்டுவந்த முத்துசாமிக்கு மார்ச் மாதம் முடிசூட்டினர். ஏழு கோறளை உள்ளிட்ட பகுதிகளை விட்டுத்தர அவர் ஒப்பினார். அவரை வணங்க நகரத்தில் ஒரு குடியும் வரவில்லை. சில வாரங்களிலேயே நார்த் பிலிமத்தலாவையோடு மற்றோர் ஏற்பாடு செய்துகொண்டார்; அதன்படி முத்துசாமியே ஒதுங்கிக்கொள்ள வேண்டியவரானார். வல்லரசின் தோளில் ஏறி வந்தவர் அத்தோளுக்குச் சுமையாகத் தோன்றவும் நாளாகவில்லை.

மழை வந்தது, காய்ச்சலும் வந்தது. பெரும்படை கரைக்கு இறங்கியது. மேஜர் டேவி என்பவரின் கீழ் எஞ்சியிருந்த சிறு படை ஜூன் 24ஆம் நாள் சரணடைந்தது. அவர்கள் மகாவலிக் கரையை அடைந்தபோது ஆறு பெருகியிருந்தது. முத்துசாமியை ஒப்படைத்தால் வழிவிடுவோம் என்றனர் கண்டியார். டேவி தயங்கினார், பின் ஒப்படைத்தார். முத்துசாமி கொல்லப்பட்டார். அடுத்துச் சரணடைந்த வீரர்களும் கொல்லப்பட்டனர். அக்கட்டளை மன்னருடையதா, பிலிமத்தலாவையுடையதா என்பதில் வரலாற்றாசிரியர் ஒருமனப்பட்டிலர். கட்டளை யாருடையதாயினும் பழி அரியணைக்கே வந்தது. டேவி கண்டியில் கைதியாகவே இருந்து சில ஆண்டுகளில் இறந்தார்.

மன்னர் இவ்வெற்றியைக் கண்டு கரைப்பகுதிமேல் படையெடுத்தார். அங்வெல்லையில் தோற்றுத் திரும்பினார். மலையில் வெல்ல முடியாதவர் சமவெளியில் வெல்லக்கூடியவர் அல்லர் என்பது அன்று தெளிவாயிற்று. 1805இல் புதிய ஆளுநர் மெய்ட்லண்ட் வந்ததும் போர் ஓய்ந்தது. உடன்படிக்கையில்லாத அமைதி அது.

மூடிய இடைவெளி

அந்த அமைதி ஏறத்தாழ ஒன்பது ஆண்டுகள் நீடித்ததேன்? கண்டியின் வலிமை ஒரு காரணம். ஐரோப்பாவில் நெப்போலியன் என்னும் பகைவன் இருந்தது மற்றொன்று. கண்டி மன்னர் நெப்போலியனைக் கண்டதில்லை. ஆயினும் கொழும்புக்கு வரவேண்டிய படைகளை வேறிடத்தில் நிறுத்திவைத்தது அப்போர். 1810 டிசம்பரில் மொரீசியசுத் தீவும், 1811இல் சாவகமும் ஆங்கிலேயர் வசமாயின. இந்தியப் பெருங்கடலில் அவர்களுக்கு எதிர்நிற்க வேறொரு கொடி இல்லாது போயிற்று. 1812இல் பிரவுன்றிக் ஆளுநராக வந்தார். 1814இல் நெப்போலியன் முடிதுறந்தான். கண்டியைக் காத்துநின்ற கண்ணுக்குத் தெரியாத மதில் இவ்வாறு கல்கல்லாகப் பெயர்ந்தது.

இதே ஆண்டுகளில் மன்னர் தம் நகரை அழகுறுத்திக்கொண்டிருந்தார். இன்று கண்டிக்குச் செல்வோர் வியக்கும் ஏரியும், தலதா மாளிகையின் எண்கோண மண்டபமும் அவர் ஆக்கியவை. தேவேந்திர மூலாச்சாரி என்பவர் அவற்றின் சிற்பி. வயல்வெளியாயிருந்த இடத்தை ஏரியாக்கக் குடிமக்கள் கூலியின்றி உழைக்கும்படி ஏவப்பட்டனர். போருக்கு உழைப்பது கடமையென எண்ணிய மக்கள், மன்னரின் அழகுணர்வுக்கு உழைப்பதைச் சுமையென எண்ணினர். கலைஞர்களாகிய நாம் அந்த ஏரியைப் புகழும்போது இதனையும் நினைவிற் கொள்வது நேர்மை.

பிரதானிகளை அடக்க மன்னர் முற்பட்டார். அது தேவையாகவும் இருந்தது. அவர் கையாண்ட முறை அழிவைத் தந்தது. தம்மைக் கொல்லச் சூழ்ச்சி செய்த பிலிமத்தலாவையை 1811இல் தண்டித்துத் தலைதுணித்தார். அவரிடத்திற்கு எகலப்பொலை வந்தார். அவரும் கொழும்போடு தொடர்பு கொண்டார். கொழும்பில் ஜான் டொய்லி என்னும் அதிகாரி இருந்தார். சிங்களம் தேர்ந்த புலமையர். ஒற்றர் வலையைப் பொறுமையாகப் பின்னியவர். கண்டி அரண்மனையில் யார் மனம் நொந்திருக்கிறார் என்பதை அவர் நாட்குறிப்பில் பதிந்துகொண்டே வந்தார். இரு நூற்றாண்டுகளாகப் பீரங்கிகளால் இயலாததை அவருடைய எழுதுகோல் செய்தது.

1814இல் எகலப்பொலை சப்பிரகமுவையில் கலகம் செய்து, தோற்று, ஆங்கிலேயரிடம் ஓடினார். கண்டியில் இருந்த அவர் மனைவியையும் மக்களையும் மன்னர் மே மாதத்தில் கொல்வித்தார். இதற்குச் சமாதானம் சொல்ல எவ்வரலாற்றாசிரியராலும் இயலாது, நானும் முயலவில்லை. சூழ்ச்சிக்காரர் நடுவே அஞ்சி வாழ்ந்த மனிதர் என்பது உண்மை. குழந்தைகள் சூழ்ச்சிக்காரர் அல்லர் என்பதும் உண்மை. அந்நாளோடு மக்கள் மனத்தில் அவருடைய ஆட்சி முடிந்துவிட்டது. அதே ஆண்டின் பிற்பகுதியில், கரையிலிருந்து வந்த வணிகர் சிலர் ஒற்றர் எனக் குற்றஞ்சாட்டப்பட்டு உறுப்பு அறுக்கப்பட்டனர். காரணம் தேடியிருந்த பிரவுன்றிக்குக்கு அது போதுமானதாயிற்று.

1815 ஜனவரியில் படைகள் பல வழிகளில் மலையேறின. போர் என்று சொல்லத்தக்க போர் நிகழவில்லை. முதல் அதிகாரமான மொல்லிகொடையும் ஆங்கிலேயர் பக்கம் சேர்ந்தார். எத்துணைச் சிறப்புடைய அரணும் உள்ளிருப்போரிடம் செயற்சிறப்பு இல்லையேல் இல்லாததே என்று வள்ளுவரின் அரண் அதிகாரம் முடிகிறது. ஆறும் மலையும் காடும் அங்கேயே இருந்தன, காப்போர்தாம் இல்லை. பிப்ரவரி 14ஆம் நாள் நகர் வீழ்ந்தது. 18ஆம் நாள் மெதமகாநுவரை அருகே ஒரு வீட்டில் மன்னர் பிடிபட்டார். பிடித்தவர்கள் எகலப்பொலையின் ஆட்கள்.

மார்ச் 2ஆம் நாள் கண்டி அரண்மனையின் மண்டபத்தில் பன்னிரண்டு பிரிவுகள் கொண்ட உடன்படிக்கை படிக்கப்பட்டது. மன்னர் நீக்கப்பட்டார். அவர் குடியைச் சேர்ந்த ஆடவர் அனுமதியின்றிக் கண்டிப் பகுதியில் நுழைந்தால் மரண தண்டனை என விதிக்கப்பட்டது. பௌத்த சமயமும் பிரதானிகளின் உரிமைகளும் காக்கப்படும் என உறுதி கூறப்பட்டது. இதில் ஒரு வியப்பு உண்டு. எல்பாத் தீவிலிருந்து தப்பிய நெப்போலியன் பிரான்சின் கரையில் மீண்டும் இறங்கியது மார்ச் 1ஆம் நாள். அதாவது முந்தைய நாள். ஐரோப்பாவில் பகை மீண்டும் மூண்டுவிட்டது. கண்டிக்கு அதனால் பயனில்லை.

வேலூர்

1816 ஜனவரியில் மன்னரும் அவர் அரசியரும் உறவினரும் கார்ன்வாலிஸ் என்னும் கப்பலில் கொழும்பிலிருந்து புறப்பட்டனர், சென்னையில் இறங்கினர். எந்தக் கோட்டைக்குக் கண்டியின் தூதர்கள் உடன்படிக்கை நாடி வந்தனரோ அந்த ஊருக்கே மன்னர் கைதியாக வந்தார். அங்கிருந்து வேலூருக்குக் கொண்டுசெல்லப்பட்டார்.

வேலூர்க் கோட்டை அதற்குமுன் திப்புவின் மக்களைச் சிறைவைத்திருந்தது. 1806 ஜூலை 10ஆம் நாள் சிப்பாய்ப் புரட்சி அங்கே வெடித்தபின் அவர்கள் கல்கத்தாவுக்கு அனுப்பப்பட்டனர். வெறுமையான மாளிகைகள் அடுத்த அரசருக்குக் கிடைத்தன. கோட்டைக்குள் கண்டி மகால் என்ற பெயர் இன்றும் வழங்குகிறது. உதவித்தொகையும் பணியாளரும் அவருக்கு இருந்தனர். அங்கே அவருக்கு ஒரு மகன் பிறந்தான். வெளியே செல்ல உரிமை மட்டும் இல்லை. மகோதர நோயால் அவர் மறைந்தபோது வயது ஐம்பத்திரண்டு.

அவரை வீழ்த்தியவர் என்ன ஆயினர் என்பதையும் சொல்லியாக வேண்டும். மன்னரை நீக்கியபின் தமக்குரியது தமக்கே வரும் எனப் பிரதானிகள் எண்ணியிருந்தனர். 1817இல் ஊவாவில் கிளர்ச்சி எழுந்தது. அதன் தலைவராக வந்தவர் தம்மை நாயக்க அரசகுலத்துத் துரைசாமி என்று சொல்லிக்கொண்டார். வெளியாரென வெறுக்கப்பட்ட குடியின் பெயரே விடுதலைக்கு அழைக்கும் பெயராயிற்று. கிளர்ச்சி 1818இல் கொடுமையாக அடக்கப்பட்டது, கெப்பெட்டிப்பொலை தலைதுணிக்கப்பட்டார், பிரதானிகளின் உரிமைகள் சுருக்கப்பட்டன. எகலப்பொலை ஐயத்தின்பேரில் சிறைப்பட்டு, 1825இல் மொரீசியசுக்கு அனுப்பப்பட்டு, 1829இல் அங்கேயே மாண்டார். தாம் வீழ்த்திய மன்னருக்கு மூன்றாண்டு முந்தி, தாய்மண்ணுக்கு அவரைவிடத் தொலைவில் அவர் இறந்தார். மன்னர் வேலூரில் வாழ்ந்த காலத்திலேயே ஆளுநர் பார்ன்ஸ் கொழும்பிலிருந்து கண்டிக்கு அகன்ற சாலை அமைத்தார். ஒற்றையடித் தடங்களின் காலம் முடிந்தது.

கண்டியின் அரியணையும் நாடுகடத்தப்பட்டது. பொன்தகடு போர்த்திய அவ்விருக்கை 1693இல் ஒல்லாந்தர் இரண்டாம் விமலதர்மசூரியருக்கு அளித்த பரிசு. இங்கிலாந்து சென்று வின்சர் மாளிகையில் இருந்து, 1934இல் திரும்பியது. கொழும்பு அருங்காட்சியகத்தில் உள்ளது. ஒரு வல்லரசு கொடுத்த இருக்கையில் அமர்ந்து, இன்னொரு வல்லரசால் எழுப்பப்பட்டவர் நம் மன்னர். ஐந்து தலைமுறை அரசியலையும் அந்நாற்காலி ஒன்றே காட்டும்.

பாடியவர்கள்

1803ஆம் ஆண்டு வெற்றியைப் பாடிய சிங்களக் காவியத்துக்கு இங்கிரிசி ஹட்டன என்று பெயர். ஆங்கிலேயரோடு நடந்த போர் என்பது பொருள். அதில் ஸ்ரீ விக்கிரமர் ஒப்பற்ற வீரர். பதின்மூன்று ஆண்டுகளுக்குள் வேறொரு காவியம் தோன்றியது, வடிக ஹட்டன. வடிகர் என்பது நம் வடுகர் என்ற சொல்லே. அதில் அதே மன்னர் கொடுங்கோலர், அயலார், எகலப்பொலையே தலைவர். மன்னர் மாறினாரா, பாட்டு மாறியதா? இரண்டும் உண்மை. 1814இல் அவர் செய்த கொலைகளைப் பாட்டு கற்பிக்கவில்லை. ஆனால் மன்னரின் குற்றத்தைக் குடியின் குற்றமாக்கியது பாட்டு. தனிமனிதரின் பழியை ஓர் இனத்தின் பெயரோடு முடிந்துவிட்டது. கொழும்பு அதிகாரிகள் எழுதிய அறிக்கைகளும் அம்முடிச்சை இறுக்கின. ஒரு நாட்டைக் கைப்பற்றியவர்க்கு, அந்நாட்டு மன்னர் கொடியவர் என்பதைவிட உதவியான செய்தி வேறில்லை. இருபதாம் நூற்றாண்டில் அத்தீவு கண்ட துயரங்களை அறிந்த நமக்கு, இத்தகைய முடிச்சுகள் எத்தனை தலைமுறைக்கு அவிழாமல் நிற்கும் என்பதை விளக்க வேண்டியதில்லை.

நம் பக்கத்திலும் ஒரு குறை உண்டு. அவரைத் தமிழ் மன்னர் எனப் பெருமை பேசுவோர், எகலப்பொலையின் குழந்தைகளைப் பற்றிப் பேசுவதில்லை. இரு சாராரும் மன்னரை விட்டுவிட்டுத் தத்தம் கொடியைப் பாடுகின்றனர். அவரோ அதற்கு நடுவே நின்ற மனிதர். இருபது வயதில் சரியாக மறுத்தார். முப்பத்து நான்கு வயதில் கொடுமையாகத் தண்டித்தார். இவ்விரண்டுக்கும் இடையே அவருடைய நாட்டைக் காத்த இடைவெளி மூடிக்கொண்டது. அதனை அவர் மூடவில்லை; திறந்துவைக்கவும் அவரால் இயலவில்லை. அவரால் இயன்றது, பிரதானிகளையும் குடிகளையும் தம்மோடு வைத்துக்கொள்வது ஒன்றே. அதனை அவர் செய்யவில்லை.

நம் வட்டத்தில் கவிதை எழுதுவோர் பலர். வரலாற்றைப் பொருளாக எடுப்போரும் உளர். வேலூர்ப் பக்கம் செல்ல நேர்ந்தால், கோட்டையோடு திரும்பிவிடாமல் பாலாற்றங்கரைக்கும் ஒருமுறை சென்று வாருங்கள். இரண்டு காவியங்களும் விட்டுவிட்ட மனிதர் அங்கே இருக்கிறார். அவரைப் பற்றிய மூன்றாவது பாட்டை இன்னும் யாரும் எழுதவில்லையென்றே எனக்குத் தோன்றுகிறது.